மூன்று பிடி தவிடு

நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் முழித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். பொதட்டூர்பேட்டையில், தறிச் சத்தம் காதைப் பிளக்கும் ஒரு தெருவில், எண்பதுகளின் ஆரம்பத்தில். அந்தச் செய்திக்கு உரியவள் எனக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அவளிடம் அதை நேராகச் சொல்லக் கூடாது. அது ஏன் என்பதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல மனசு வராது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விலங்கியல் படித்துவிட்டு, மெட்ராஸில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். வீடு திருத்தணியில், ஸ்டேஷனுக்கும் மலையடிக்கும் நடுவில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். படித்த திமிர் கொஞ்சம் உண்டு. ஊர்க்காரர்கள் என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் நான் டாக்டர் இல்லை என்று திருத்த மாட்டேன்.

எங்கள் பேராசிரியை அந்தச் சமயத்தில் ஒரே ஒரு நோயின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். முதுகெலும்பு இறுகிப்போகிற நோய் அது. வாலிபத்தில் தொடங்கும். காலையில் எழுந்தால் முதுகு கட்டை மாதிரி நிற்கும். வருஷங்கள் போகப் போக எலும்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, மனிதர் தரையைப் பார்த்தபடியே நடக்க வேண்டி வரும். நெசவு ஊர்களில் இதைத் தறிக்குழியின் கேடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதே குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரர் அறுபது வயதிலும் நிமிர்ந்து நடக்கிறாரே, அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பேராசிரியை கேட்டார்.

நம் ரத்தத்தின் வெள்ளணுக்கள் மேல் சில அடையாளங்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று அவை வருகின்றன. அவற்றில் இருபத்தேழு என்று எண் போட்ட ஓர் அடையாளத்துக்கும் இந்த முதுகு நோய்க்கும் தொடர்பு உண்டு என்று வெளிநாடுகளில் கண்டிருந்தார்கள். நம் ஊர்க்காரர்களிலும் அப்படித்தானா என்று பார்ப்பதே எங்கள் வேலை. "இருபத்தேழு சந்தேகத்துக்குரிய ஆள். இன்னும் குற்றவாளின்னு தீர்ப்பாகலை" என்பார் பேராசிரியை. தீர்ப்புக்கு இரண்டு வகை ரத்தம் வேண்டும். நோய் வந்தவர்களுடையது ஒன்று. அதே தெருவில் அதே தொழில் செய்து, நோய் வராமல், நோயாளிக்கு ரத்த உறவும் இல்லாதவர்களுடையது இன்னொன்று. இந்த இரண்டாவது ஆட்களை கன்ட்ரோல் என்போம். முதல் வகையை விட இரண்டாவது வகைதான் என் உயிரை வாங்கியது. அக்கா மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர், கொடுத்து எடுத்தவர் என்று தெருவே ஒரு குடும்பம். அங்கே ரத்த உறவு இல்லாத ஆளைத் தேடுவது, ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் மொட்டை போடாத தலையைத் தேடுவது மாதிரி.

சித்திரை மாத வெயிலில் அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்து திரும்பாது. என்னைப் பார்க்க உடம்பையே திருப்பினார். தறியில் உட்கார முடியாமல் போய் ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது என்றார். நூல் சுற்றிக் கொடுப்பதோடு சரி. அவர் மனைவி பதில் சொல்லச் சொல்ல, நான் குடும்பப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பிள்ளைகளுக்குக் கீழே கோடு.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு பொறந்துச்சுங்க. தங்கல."

இரண்டு சின்ன வட்டங்கள் போட்டு, அவற்றின் மேல் குறுக்கே கோடு இழுத்தேன். உள்ளே விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த பையன் வெளியே வந்து, "மாமா, தண்ணி குடிச்சியா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, சொம்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். இருபத்து மூன்று வயது இருக்கும்.

"இவர் யாரு?"

"அது பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க. இங்க வளருது."

அந்தம்மாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வீட்டுக்காரரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு, "உங்க அம்மா யாருப்பா?" என்றேன். அவன் பக்கத்து வீட்டைக் கையைக் காட்டினான். அந்த வீட்டுக்காரி அன்றைக்கு ஆர்.கே.பேட்டைக்குப் போயிருந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரே கூரை, ஒரே தறி, ஒரே சாப்பாடு, ஆனால் வேறு ரத்தம்! இப்படி ஒரு கன்ட்ரோல் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. தத்துப் பிள்ளைக்குப் போடுவது போல விட்டு விட்டு ஒரு கோடு இழுத்து, முடிவில் ஒரு சதுரம் போட்டேன். அவன் கையிலும் ரத்தம் எடுத்தேன்.

ஊசியை எடுத்தபோது அவன் மெதுவாகக் கேட்டான். "எனக்கும் அப்பப்ப முதுகு புடிச்சிக்குதுங்க. மாமாவுக்கு வந்தது எனக்கும் வருங்களா?"

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். படத்தில் தப்பாகக் கோடு போட்டதையாவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. எந்தச் சோதனையும் முடியாதபோது, யாரும் சொல்லச் சொல்லாத ஜோசியத்தை நான் சொன்னேன். "உனக்கு ஏன் வருது? நீ அவங்க ரத்தமே இல்லையே. பயப்படாம இரு."

"அது ரத்தத்துல தெரிஞ்சிடுங்களா?"

"எல்லாம் தெரியும்" என்றேன். டாக்டரம்மா அல்லவா!

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தறிக்குப் போய்விட்டான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஆனி முடிவில் பேராசிரியை என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று முதுகு இறுகிய அந்த மனிதருடையது, மற்றது அந்தப் பையனுடையது.

"இவங்க ரெண்டு பேருக்கும் ரத்த உறவு இல்லைன்னு எழுதியிருக்கே."

"ஆமா மேடம்."

"பாதி அப்படியே ஒத்துப்போகுது. தகப்பன் பிள்ளை மாதிரி இருக்கு."

ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தானே மேடம் என்று இழுத்தேன். சொந்தக்காரர்களுக்குள் இவ்வளவு ஒற்றுமை வருவது அபூர்வம் என்றார். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பையனின் ரத்தத்தைச் சோதித்த தட்டில் இருபத்தேழைக் காட்டும் சின்னக் குழி மட்டும் தெளிவில்லாமல் போயிருந்தது. அந்த அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் மருந்துநீர் எங்கள் கையில் பழசாகிவிட்டது. புதியது வெளிநாட்டிலிருந்து தபாலில் வர வேண்டும். அதனால் அவன் அந்த மனிதரின் பாதியைக் கொண்டிருக்கிறான் என்பது தெரிகிறது. அவரிடம் இருபத்தேழு இருந்தது. பையனுக்கு வந்தது அந்த அடையாளம் இருக்கிற பாதியா, இல்லாத பாதியா என்பது தெரியவில்லை.

என் புத்தி அந்த இரண்டாவது கேள்விக்குப் போகவே இல்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றது. கழுத்தைத் திருப்ப முடியாத அந்த மனுஷனா? பக்கத்து வீட்டுக்காரியோடா? கட்டின பெண்டாட்டி எதிரிலேயே அந்தப் பிள்ளையை வளர்த்துக்கொண்டா? நான் முகம் பார்த்தே இராத ஒரு பெண்ணை மனசுக்குள் கூண்டில் ஏற்றி, தீர்ப்பும் எழுதிவிட்டேன். அதோடு, இந்தத் தாள் வெளியே போனால் இரண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் வேறு. என் முகத்தைப் பார்த்தே பேராசிரியை புரிந்துகொண்டார்.

"யாரையும் எதுவும் கேட்காதே. புது மருந்துநீர் வந்ததும் பையன் ரத்தம் மட்டும் எடுத்துட்டு வா. மிச்சம் நம்ம வேலை இல்லை."

மருந்துநீர் ஆடி மாதம் வந்தது. வழியில் அதன் பனிக்கட்டி கரைந்திருந்ததால் மறுநாளே உபயோகித்தாக வேண்டும் என்றார் பேராசிரியை. மறுநாள் ஆடிக் கிருத்திகை. அன்றைக்குத் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. காவடிகளுக்கு எதிர்த்திசையில், காலியான டவுன் பஸ்ஸில் விடிந்ததும் கிளம்பினேன்.

தறிகள் ஓடவில்லை. தெரு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பையன் மஞ்சள் வேட்டி கட்டி, பூக்காவடியோடு புறப்படத் தயாராக இருந்தான். காவடி எடுக்கிறவன் உடம்பில் ஊசி ஏற்றலாமா என்று நாலு பேர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். தாட்டியான உடம்பு, பெரிய குரல்.

"முருகன் இன்னா, ஒரு சொட்டு ரத்தத்துக்கா கோச்சிக்கப் போறான்? நீ நீட்டுடா கையை" என்றாள். அவன் நீட்டினான்.

நான் மனசுக்குள் கூண்டில் ஏற்றியவள் இவள்தான். ரத்தத்தைக் குழாயில் எடுத்து, உறையாமலிருக்க மருந்தோடு குலுக்கி, வாயகன்ற பிளாஸ்க்கில் வைக்கும்வரை நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளோ என் மடியில் விரிந்திருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது, கோடு அறுந்து அறுந்து போவுது?"

"அது... தத்துப் பிள்ளைக்கு அப்படிப் போடுவோம்ங்க."

"யாரு தத்து?"

பையனைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்தே போனேன். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துத் தன் வீட்டுப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஊட்டுக்காரிக்கு மொத ரெண்டும் தங்கலீங்க. மூணாவது இவன். பொறந்த அன்னிக்கே மொறத்துல போட்டு என் வாசல்ல வெச்சிட்டாங்க. நான் மூணு புடி தவிடு குடுத்து வாங்கினேன். எனக்கு நாலும் தங்கிச்சு பாருங்க, அதனால என்னை வாங்கச் சொன்னாங்க. அப்புறம் அவகிட்டயே வளக்கக் குடுத்தேன். தன் புள்ளன்னு அவ வாயால சொல்லக் கூடாது. சொன்னா மொத ரெண்டும் போன வழியே இதுவும் போயிடும்னு பயம். அவன் என்னைத்தான் அம்மான்னு கூப்புடுவான். அவளை அத்தைம்பான்."

நான் அங்கேயே அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்ற கேலியைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நானே கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் அது கேலி மட்டும் அல்ல, நிஜமாகவே முறத்தில் போட்டு நடக்கிற காரியம் என்பது என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. அந்தப் பையனின் பெயரே தவிட்டையும் குப்பையையும் சொல்கிற வகைப் பெயர். அதை நானே என் கையால் விவரத் தாளின் முதல் கட்டத்தில் எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, படிக்கவில்லை.

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஒரு கள்ளத்தனமும் இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்தப் பெரிய குரல்காரியைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! வெட்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. மோர் வேணுமா என்று கேட்டாள்.

பாதி டம்ளர் மோர் குடித்திருப்பேன். அதற்குள் அடுத்த இடி இறங்கியது. அப்படியானால் இவன் அந்த மனிதரின் சொந்த மகன். அந்த இறுகிய முதுகின் நேர் வாரிசு. அவனிடம்தான் நான், உனக்கு வராது, பயப்படாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"அத்தை தம்பி மவளைத்தான் கட்டறான்" என்று அவள் அதே மூச்சில் சொல்லிக்கொண்டு போனாள். "ரெண்டு வருசமா மாட்டவே மாட்டேன்னு நின்னான். மாமா மாதிரி நானும் கூனிப்போய்ட்டா அந்தப் பொண்ணு கதி இன்னான்னு. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தாங்க சரின்னான். ஆவணில கல்யாணம். பத்திரிகை கூட வந்திடுச்சு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் காவடிகளுக்கு நடுவில் எனக்கு ஓர் ஓரம் கிடைத்தது. மடியில் பிளாஸ்க். பக்கத்தில் காவடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் நின்றிருந்தான். அவனுடைய ரத்தமும் அவனும் ஒரே டிக்கெட் தூரத்தில். ஊர் எல்லை தாண்டியதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே சொன்னேன்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்புப்பா. விசாரிக்காம சொல்லிட்டேன். நீ அவங்க பிள்ளைதான். இந்த ரத்தம் சொன்னாத்தான் மத்தது தெரியும்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தான்.

"அவங்க புள்ளன்னு எனக்குத் தெரியும்ங்க. சின்ன வயசுலேர்ந்தே தெரியும். மெட்ராஸ்லேர்ந்து வந்து ரத்தம் பாக்கறவங்களே இல்லன்னு சொன்னீங்களா, ஒருவேளை நெசமாவே அந்த ஊட்டுப் புள்ளதானோன்னு ஆயிடிச்சு. முதுகு பயம் போச்சு. ஆனா மாமாவுக்குச் சோறு போடும்போதெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு."

ஒரு வார்த்தையில் நான் அவனுக்கு நோயில்லாத முதுகைக் கொடுத்து, பெற்றவர்களைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது பெற்றவர்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. முதுகு என் மடியில் பிளாஸ்க்கில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவன் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

"வலி எப்ப ஜாஸ்தி?" என்று கேட்டேன். இந்த முறை ஒழுங்காகக் கேட்க வேண்டிய கேள்வி.

"நூல் சுத்தின பாவு உருளை தூக்கற அன்னிக்கு. படுத்து எழுந்தா பரவால்லைங்க."

அந்த நோய்க்காரர்களுக்குப் பெரும்பாலும் நேர் எதிர். படுத்தால்தான் இறுகும், நடமாடினால் இளகும். கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஜோசியம் சொன்னதே போதும்.

திருத்தணியில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அரோகரா சத்தத்துக்கு நடுவில், மலையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜனக்கூட்டத்துக்கு எதிராக, பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அவன் முன்னால் காவடியோடு வழி விலக்கிக்கொண்டு வந்தான். தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி என் கையிலிருந்ததைப் பால்குடம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, மலை அந்தப் பக்கம் என்று திசையும் காட்டினாள். நான் மறுக்கவில்லை. பால்குடத்துக்குக் கிடைக்கிற வழி பிளாஸ்க்குக்குக் கிடைக்காது. ஸ்டேஷன் முனையில் அவன் நின்றான்.

"நல்லபடியா சொல்லுங்க" என்று பிளாஸ்க்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பினான்.

ரயிலில் நிற்கத்தான் இடம். வெள்ளணுக்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் சோதனை செய்ய முடியும். குளிர்ந்தாலும் சாகும், சூடேறினாலும் சாகும். அரக்கோணம் தாண்டி மணவூரில் வண்டி நின்றது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் பெட்டியின் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. என் புடவைத் தலைப்பை பிளாட்பாரக் குழாயில் நனைத்து பிளாஸ்க்கைச் சுற்றினேன். காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். நான்காவது தடவை குழாயடிக்கு இறங்கியபோது வண்டி நகர்ந்துவிட்டது. ஓடி ஏறினேன்.

லேபுக்குள் போனபோது பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர, ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. அணுக்களைப் பிரித்துத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, மருந்துநீர் சேர்த்து, கடைசியில் சாயம் விட்டோம். அடையாளம் இருக்கிற அணுவை மருந்துநீர் கொன்றுவிடும். செத்த அணு சாயத்தைக் குடித்துக் கருத்துப்போகும். அடையாளம் இல்லாத அணு சாகாது, பளிச்சென்று இருக்கும். முதலில், மருந்துநீர் எதுவும் விடாத குழியைப் பார்த்தார். "பிழைச்சிருக்கு" என்றார். மணவூர் வெயிலைத் தாண்டி அவை உயிரோடு வந்து சேர்ந்திருந்தன. அடுத்து, இருபத்தேழு இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த ஒருவருடைய அணுக்களைப் பார்த்தார். அவை கருத்திருந்தன. அப்படியென்றால் மருந்துநீரும் சரியாக வேலை செய்கிறது. மூன்றாவதாகப் பையனுடைய குழி. ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார்.

கண்ணை வைத்தேன். அத்தனையும் பளிச்சென்று இருந்தன.

"இருபத்தேழு இல்லை. தகப்பனோட நல்ல பாதிதான் வந்திருக்கு" என்றார். "வரவே வராதுன்னு எழுதித் தர மாட்டேன். இருந்திருந்தாலும் வந்தே தீரும்னு சொல்லியிருக்க மாட்டேன். அந்த நம்பர் இருந்தும் நல்லா இருக்கறவங்க நிறைய பேர். ஆனா இவன் என் மகனா இருந்தா, இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவேன்."

நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் குழியைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டவில்லை. பையன் எங்கள் கணக்கில் நோயாளியும் இல்லை, கன்ட்ரோலும் இல்லை என்று ஆகிவிட்டது. கன்ட்ரோல் பட்டியலிலிருந்து பேராசிரியை அவனை அடித்தார். அதோடு விடவில்லை. எல்லா வீட்டுக்கும் மறுபடி போய், பெற்றவளிடம் மட்டும் இல்லாமல் பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிட்டு வா என்று என்னைத் துரத்தினார். போனேன். தவிடு இன்னும் சில வீடுகளில் இருந்து கிளம்பியது.

ஆனால் முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். ஆவணி பிறந்து, வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பையனைத் தனியாகக் கூப்பிட்டு, பேராசிரியை சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமாகிட்ட நானே சொல்லிடறேங்க" என்று உள்ளே போனான். பக்கத்து வீட்டம்மாளிடம் சொன்னேன். அவள் பந்தலே அதிரும்படி முருகனைக் கூப்பிட்டாள்.

மிச்சம் இருந்தது பெற்றவள் மட்டும்தான். அவள் நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம், உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அந்த முதல் இரண்டு வார்த்தைகளை அவள் காதில் போடக் கூடாது. ஆரம்பத்தில் நான் முழித்ததாகச் சொன்ன இடம் இதுதான்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ரத்தம் பார்த்தோம்ங்க" என்றேன். "மாமாவோட முதுகு அவனுக்கு வர்ற மாதிரி இல்லை. நல்லா இருக்கான்."

அவள் அசையவில்லை. "அவங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேங்க."

"நல்லா இருக்கட்டும். யார் ஊட்டுப் புள்ளையா இருந்தா இன்னா." குரல் உடைந்தது. இருமுவது போல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பையைப் பார்த்து, "அந்தப் படத்துல... அவனை யார் புள்ளன்னு எழுதிக்கினீங்க?" என்று கேட்டாள். கண்ணில் அத்தனை பயம். இருபத்து மூன்று வருஷம் வாயால் சொல்லாமல் காத்ததை நான் எங்கே மையால் எழுதித் தொலைத்திருப்பேனோ என்ற பயம்.

திருத்திய படம் மெட்ராஸில் பேராசிரியையின் பீரோவில் இருந்தது. என் பையில் இருந்தது பழையது. அதை எடுத்து விரித்துக் காட்டினேன். அவளுடைய வட்டத்தையும் அவனுடைய சதுரத்தையும் காட்டிக் கொடுத்தேன். அவள் வட்டத்தில் விரலை வைத்து, விட்டு விட்டுப் போகிற அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள்.

"அறுந்து அறுந்து போவுதே."

"ஆமாங்க. அப்படித்தான் போட்டிருக்கேன்."

"ஆனா போய்ச் சேந்துடுது இல்ல?"

"சேர்ந்துடுதுங்க."

"ஆங்" என்றாள். சதுரத்தின் மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகியும் நானும் அந்தத் தாளை மடிக்கவில்லை.